வட்டம் சுற்றிய ராத்திரி



எதிர்வீட்டுக் கொத்தனார் மகள் நேற்று ராத்திரி ஓடி வந்தாள். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டதாம். என் போனில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2018க்கு முன்பு இதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே வயிறு கலங்கலாம்.

கட் ஆஃப் 200க்கு 178. விருப்பப் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, எது முதலில் கிடைக்கிறதோ அதைத் தருவார்கள். வரிசைதான் முக்கியம். பெண் பிள்ளையாயிற்றே என்று பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போடச் சொன்னவள் நான். முப்பது வருஷம் பெண்களைப் 'படி, படி' என்று விரட்டியவள்தான்!

ஒருவழியாகத் திறந்தது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சிவில்.

"நீங்க சொன்னதை ரெண்டாவதா போட்டுட்டேன் டீச்சர்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

உடனே உறுதி செய்ய வைத்தேன். கெடு தாண்டினால் இடம் போய்விடும்.

அவள் அப்பா வாசலிலேயே நின்றார். "ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகுங்க டீச்சர்?"

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம், விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.