அரை வாட்டும் ஐந்து வாட்டும்

தாயில்பட்டியில் ஒரு பயராபீஸ் (பட்டாசு ஆலை) கேட்டில் வாட்ச்மேன் முதலில் கேட்டது பேரை அல்ல, போனை. வாங்கி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். "பீடி, தீப்பெட்டி, செல்லு, மூணும் எங்களுக்கு ஒண்ணுதான் சார்." உள்ளே மருந்து அறைகளின் வாசலில் செப்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறிய மின்னை அதைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் காலடி வைக்க வேண்டும் என்று போர்மேன் சொன்னார்.

நான் தேடி வந்தது வெடியை அல்ல. ஊருக்குள் மைக்செட் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியை. குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். ஒற்றை டிரான்சிஸ்டர், பென்சிலில் சுற்றி உருவிய செப்புக் கம்பி, ஒரு டிரிம்மர், ஒன்பது வோல்ட் பேட்டரிக்கான மூடி. இளவட்ட வயதில் செய்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். கம்பிச் சுற்றுகளை நகத்தால் விலக்கினால் அலைவரிசை ஏறும், நெருக்கினால் இறங்கும் என்று செய்து காட்டினார். "எதுத்த டீக்கடை ரேடியோவுல என் சத்தம் கேட்டுச்சு சார். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல."

சட்டப்படி அது குற்றம். பீகாரின் மன்சூர்பூரில் ராகவ் மகதோ என்ற ரேடியோ மெக்கானிக், ஐம்பது ரூபாய்ச் சாமானில் கட்டி நடத்திய ஊர் எஃப்.எம்.மை 2006இல் அரசு மூடியது. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் வானொலியே ஆர்வலர்கள் கையில்தான் தொடங்கியது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் வெறும் 40 வாட் கருவியோடுதான் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் பணமுடையால் நின்றுபோக, கருவி மாநகராட்சிக்குப் போனது. இன்று சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் வரை அனுமதி உண்டு. ஆனால் கல்லூரி, அறக்கட்டளை போன்ற அமைப்புகளுக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. தனி ஆள் தேர்வெழுதி ஹாம் உரிமம் வாங்கலாம்; 12 வயதுப் பிள்ளைகூட எழுதலாம். அதில் இன்னொரு ஹாமோடு பேசலாமே தவிர, ஊருக்குப் பாட்டுப் போட முடியாது. அண்ணாச்சியின் ஆசைக்குச் சட்டத்தில் கதவே இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் அடுத்து அவர் எடுத்துக் காட்டிய வாக்கி-டாக்கி விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம். திருவிழாவுக்காக ஆன்லைனில் வாங்கிய ஐந்து வாட் ஜோடி. "சப்பரம் தெக்குத் தெருவுல, ஜெனரேட்டர் வடக்க. கத்துனா கேக்குமா?" எந்த அலைவரிசையில் பேசினார் என்று அவருக்கே தெரியாது. அது போலீசுடையதாகவும் இருந்திருக்கலாம்.

பொங்கல் திருவிழாவில் வானவெடிக்காரர் குழாய்களை அடுக்கி, பொத்தானை அமுக்கினால் பற்றும் மின்திரிகளைக் கோத்துக்கொண்டிருந்தாராம். இவர் வாக்கி-டாக்கியோடு பக்கத்தில் போக, "அண்ணாச்சி, அதை அமத்திட்டுத் தள்ளிப் போங்க" என்று வெடிக்காரர் கத்தியிருக்கிறார்.

"எனக்குக் கோவம் வந்துருச்சு. ரேடியோக்காரன் எனக்கே சொல்றானான்னு. பெறகு யோசிச்சேன். அத்தன நீட்டு வயரு தரையில கெடந்தா, அதுவும் ஏரியல்தான?"

அதேதான். அலை அந்த வயரில் ஏறினால் மின்னோட்டமாகும். திரி முனையிலுள்ள துளி மருந்துக்கு அது போதுமானதாகிவிடக்கூடும். இணைக்கும்வரை வயரின் இரு முனைகளையும் சேர்த்து முறுக்கி வைப்பது இதற்காகவும்தான். செப்புத் தகட்டைத் தொட்டு இறக்க, இது உடம்பில் ஏறும் மின் அல்ல, தொடாமலே வருவது.

உரிமமே வேண்டாத வாக்கி-டாக்கியும் உண்டு. 2018 விதிப்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட். இரண்டு தெருவுக்கு அது தாராளம். அண்ணாச்சி ஐந்து வாட் ஜோடியின் பேட்டரியைக் கழற்றி அதே பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார்.

திருவிழாவுக்கு வாங்குகிறவர்கள் பெட்டியில் 446 என்ற எண்ணும் அரசின் கருவி ஒப்புதலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். இருந்தாலும், வெடி அடுக்கிய இடத்தில் நின்று பொத்தானை அமுக்காதீர்கள்.