வாசலில் நிற்கும் வரி

கணக்குப் பாடத்தில் ஃபங்ஷனுக்குச் 'சார்பு' என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது என்ற சேதி பெயரிலேயே இருக்கிறது. 1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹூடாக்கும் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் அமைந்த 'ஃபிரான்' என்ற அனிமேஷன் நூலகம் பற்றி எழுதிய கட்டுரையின் உயிரும் அதுதான்: அனிமேஷன் என்பது நேரத்தைக் கொடுத்தால் படத்தைத் தரும் சார்பு. பந்து இப்போது எங்கே என்று யாரும் குறித்துவைக்க வேண்டாம். மணியைச் சொன்னால் இடம் தானே வரும். 2012-இல் வந்த எல்ம் மொழி இதே யோசனையைச் 'சிக்னல்' என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. கற்க எளிதாக இருக்கட்டும் என்று 2016-இல் விட்டுவிட்டது. மொழி விட்டதற்காக யோசனையை நாமும் விட வேண்டுமா என்ன?

விட்டுவிட்டோம் என்றுதான் படுகிறது. இப்போதைய எல்மில், நிலையை வைத்திருக்கும் மாடல், அதை மாற்றும் அப்டேட், திரையில் வரையும் வியூ என மூன்றே அங்கங்கள். ஒரு பெட்டியை நகர்த்த, திரை புதுப்பிக்கும்போதெல்லாம், அதாவது 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 60 தடவை, சேதி அனுப்பி, ஒவ்வொரு தடவையும் இடத்தை ஒரே அளவு கூட்டி மாடலில் எழுதுகிறார்கள். மளிகைக்கடைப் பேரேட்டில் கடைக்காரரின் நாடித்துடிப்பை எழுதிவைப்பது மாதிரி. 120 ஹெர்ட்ஸ் திரையில் அதே பெட்டி இருமடங்கு வேகத்தில் பறக்கும். எப்போது புறப்பட்டது, எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம் என்பவற்றோடு, எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக 'இப்போது' என்ற ஒரே எண்ணும் மாடலில் இருந்தால் போதும். இடத்தை வியூ கணக்குப் போட்டுக்கொள்ளும்.

பாதி வழியில் பயனர் பெட்டியைத் திருப்பினால் என்ன செய்வது? அந்தக் கணத்து இடத்தையும் வேகத்தையும் சார்பிடமே கேட்டு, அங்கிருந்து புதுப் புறப்பாடு எழுதலாம். எல்லாவற்றையும் உலாவியின் சிஎஸ்எஸ் டிரான்சிஷனிடம் ஒப்படைத்தால் ஆகாதா? பொத்தானின் நிறம் மாற அது தாராளம். ஆனால் பட்டியலிலிருந்து நீக்கிய வரி மெல்ல மங்க வேண்டும் என்றால் கையை விரித்துவிடும். வியூ மாடலைச் சார்ந்தது. மாடலிலிருந்து எடுத்த கணமே வரி திரையிலும் இல்லை, மங்குவதற்கு ஆளே கிடையாது. நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. 'போயிட்டு வரேன்' என்று சொல்லி வாசலில் சற்று நிற்பார்கள். மாடலிலும் 'இருக்கிறது', 'இல்லை' இரண்டுக்கும் நடுவே, கிளம்பிய நேரத்தோடு 'கிளம்புகிறது' என்றொரு நிலை வேண்டும். வரி மங்கும் கால் நொடிக்குள் பயனர் மனம் மாறி அன்டூ அழுத்தினால், 'வரேன்' என்றது வெறும் உபசாரமாகப் போகாது. வரி வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடும்.