பழைய ஜீப்பும் மாற்று எஞ்சினும்

கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவிற்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் உப்பிக் களியாகி, நடப்பவரின் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிப் பக்கம் செல்லும் வானம் பார்த்த பூமி பெரிதும் இத்தகையது. பருத்தியும் மிளகாயும் மல்லியும் விளையும் காடுகளுக்கு மழைக்காலத்தில் வண்டி கொண்டுபோவது எளிதன்று. டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொள்ள, பின்சக்கரம் ஒன்று மட்டும் வெறுமனே சுழலும். வண்டி நின்ற இடத்திலேயே புதையும். முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை சென்றால்தான் அது வெளியேற வழி பிறக்கும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப்பிற்குக் கரிசல் நாட்டில் மதிப்பு ஏற்பட்டதன் காரணம் இதுவே.

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் ஓய்ந்ததும் எஞ்சியவை பல நாடுகளில் பொதுமக்களின் கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு, 'ஜீப்னி' என்னும் பயணிகள் ஊர்தியாக்கிக்கொண்டனர். இந்தியாவில் 1945ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பொருத்தி விற்கத் தொடங்கிப் பின்னர் இங்கேயே உற்பத்தியும் செய்தது. மூக்கு உயர்ந்த அந்தப் பழைய வடிவம் பல பத்தாண்டுகள் நம் சாலைகளில் ஓடியது. மூக்கு உயர்ந்ததும் அழகுக்காக அன்று. முந்திய எஞ்சினில் வால்வுகள் யாவும் பக்கவாட்டில் இருந்தன. பின்னர் வந்ததில் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதிக்கு ஏறின. எஞ்சின் உயர்ந்தது, அதனை மூடும் பானெட்டும் உயர்ந்தது. எஞ்சினை மாற்றினால் உடலும் மாற வேண்டியிருக்கும் என்பதை அந்த வண்டியின் முகமே காட்டிக்கொண்டு நிற்கிறது.

பழைய பெட்ரோல் எஞ்சினின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உருளைகள் நான்கு; ஒவ்வொன்றின் விட்டமும் 79.4 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 111.1 மி.மீ. நான்கு உருளைகளின் கொள்ளளவைக் கூட்டினால் ஏறத்தாழ 2,199 கன சென்டிமீட்டர் வரும். போர்க்கால ஜீப்பில் இதன் திறன் 60 குதிரைத்திறன். பிற்காலத்து மகிந்திரா ஜீப்புகளில் இடம்பெற்ற பியூஜோ டீசல் எஞ்சினுக்கு எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். 4 என்பது உருளைகளின் எண்ணிக்கை. 90 என்பது மில்லிமீட்டரில் உருளையின் விட்டம். பிஸ்டன் செல்லும் தொலைவு 83 மி.மீ.; கொள்ளளவு 2,112 கன சென்டிமீட்டர்; திறன் 62 குதிரைத்திறன்.

இரண்டிற்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. அவ்வாறாயின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலைப் பொருத்த ஏன் இத்தனை பேர் முனைந்தனர்? விடை எரிபொருள் செலவில் இருக்கிறது. பழைய பெட்ரோல் எஞ்சின் தன்னுள் புகும் கலவையை ஏறத்தாழ ஆறரை மடங்கே அழுத்தும். டீசல் எஞ்சினோ காற்றை இருபது மடங்கு அளவிற்கு அழுத்துகிறது; அந்த வெப்பத்திலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். மிகுதியாக அழுத்தி எரிப்பதால் ஒரு லிட்டரில் கிடைக்கும் வேலையும் மிகுதி. போதாக்குறைக்கு, நம் நாட்டில் நெடுங்காலம் டீசலின் விலை பெட்ரோலைவிடக் கணிசமாகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. மழை பொய்த்தால் வருவாயும் பொய்க்கும் மண்ணில், வேகத்தைவிட லிட்டர் கணக்கே வண்டியின் ஆயுளைத் தீர்மானித்தது.

எரிபொருளுக்காக எஞ்சினை வளைத்த வரலாறு தமிழருக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பேருந்துகளின் பின்னே கரியடுப்புக் கலன் ஒன்றைக் கட்டி ஓட்டினர். கரியைப் போதிய காற்றின்றி எரித்தால் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவே எரிபொருள். அத்தகைய கரிவாயுக் கலனை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் உருவாக்கியது. 1990களில் பொருளாதாரத் தடையில் சிக்கிய யாழ்ப்பாண மக்கள் சில துளி பெட்ரோலால் காரைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். திருச்சுழிச் சீமையில் இன்று சீமைக் கருவேல மரத்தைச் சுட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்புகின்றனர்; அக்கரி ஏறிச் செல்லும் லாரி மட்டும் டீசலில் ஓடுகிறது.

வீட்டு வேப்பமரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன ஜீப்பை மீட்க விரும்புபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எஞ்சினை மாற்ற வேண்டுமா என்பதேயாகும். 'ஜாம்' ஆகிவிட்டது என்று ஒதுக்கப்படும் எஞ்சின்கள் பல உண்மையில் சாகவில்லை. பிஸ்டன் வளையங்கள் உருளைச் சுவரோடு துருவினால் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, முன்புறக் கைப்பிடியால் மெல்ல அசைத்தால் இளகிவிடுவதும் உண்டு. வலிந்து சுற்றினால் வளையம் உடையும். பொறுமையுள்ளவருக்குப் பழைய எஞ்சினே கிடைத்துவிடுமாயின், செலவும் குறைவு. வண்டியின் இயல்பும் கெடாது. உருளைச் சுவர் அளவு மீறித் தேய்ந்தோ, எஞ்சின் உடல் விரிசல் கண்டோ இருந்தால்தான் மாற்றைத் தேடுவது முறை. தேடுவோர்க்குச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் உள்ளன.

மாற்று எஞ்சின் வாங்கியவுடன் அதனைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். ஆனால் அதற்குமுன் பார்க்க வேண்டியது பிரேக். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொட்டுவிடும், நான்கு சக்கரங்களிலும் பிடிப்பு இராது. டீசல் எஞ்சின் எடையும் கூடியது. நிற்க முடியாத வண்டியில் அதனை ஏற்றுவது, வீட்டாரை ஆபத்தில் உட்கார்த்தி வைப்பதற்குச் சமம். குழாய்களும் உருளைகளும் புதியவையாதல் வேண்டும். அடுத்தது அடிச்சட்டம். சேறு தங்கும் மூலைகளில் துரு உள்ளிருந்தே அரித்திருக்கும். சுத்தியலால் தட்டினால் ஒலியே காட்டிக்கொடுக்கும். எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து இரண்டு அளவுகளும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தால் சட்டம் கோணியதும் புலப்படும். வெல்டிங் வைக்குமுன் மறக்கலாகாத ஒன்று உண்டு: இந்த ஜீப்பின் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. காலியாகத் தோன்றும் தொட்டியினுள் இருக்கும் ஆவி நிறைந்த தொட்டியைவிடக் கொடியது. தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைத்த பின்னரே நெருப்புப்பொறி பறக்க வேண்டும்.

உண்மையான வேலை எஞ்சினும் கியர் பெட்டியும் சந்திக்கும் இடத்தில் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு வார்ப்புகள். போல்ட் துளைகள் பொருந்தா. இடையில் தடித்த தகடு ஒன்றை லேத்தில் கடைந்து பொருத்துவர். எஞ்சினின் சுழல்தண்டும் கியர் பெட்டியின் முன்தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் என்னும் கருவியைச் சுழல்தண்டில் பொருத்தி முழுச்சுற்றுச் சுற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கோணலையும் முள் காட்டிவிடும். இதனைச் செய்யாமல் 'பொருந்திவிட்டது' என்று போல்டை முடுக்கிய வண்டிகள் சில மாதங்களில் பேரிங்கைத் தின்னும். கியர் தானே நழுவும். குற்றம் கியர் பெட்டியின்மேல் விழும்.

விகிதமும் பார்க்க வேண்டும். டிராக்டர் எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதாகக் கொண்டால், அது நிமிடத்திற்கு 2,000 சுற்றளவில் தன் எல்லையை எட்டிவிடும். அச்சின் விகிதம் 5.38 எனில், சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 372 முறை சுற்றும். ஒரு சுற்றில் 2.2 மீட்டர் நகர்ந்தால், நேரடிக் கியரில் வேகம் மணிக்கு 49 கி.மீ.தான். காட்டு வேலைக்கு அது போதும். மதுரைக்குப் போய்வர நினைப்பவர் வேறு எஞ்சினைத் தேட வேண்டும்.

டீசலுக்கு மாறும்போது சிறு ஏற்பாடுகள் பலவும் உடன் மாறும். தீப்பொறி பிளக் இல்லாததால் சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் எஞ்சின் அடங்காது, எரிபொருளை நிறுத்தவேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப ஹீட்டர் பிளக்கும், அதற்கும் ஸ்டார்ட்டருக்கும் தாங்கும் பெரிய பேட்டரியும் வேண்டும். மிஞ்சிய டீசல் தொட்டிக்குத் திரும்பத் தனிக்குழாய் வேண்டும்.

இவற்றிலெல்லாம் கைதேர்ந்தவர்கூடத் தவறவிடும் பொருள் தண்ணீர். வறண்ட சீமையின் ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் உப்பும் சுண்ணமும் கலந்த நீரே கிடைக்கும். பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிவதுபோல, எஞ்சினின் நீர்வழிகளிலும் அது படியும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்தால் பழி வெயிலுக்குப் போகும், அடைத்துக்கொண்டதோ பொருக்கு. தேக்கி வைத்த மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கூலன்டுடன் கலந்து ஊற்றப்பட வேண்டும். கரிசல் புழுதிக்குக் காற்று வடிகட்டியும் அவ்வாறே இன்றியமையாதது. தூசு கலந்த காற்று உருளைச் சுவரை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையாயினும் சட்டம் அதனைப் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. எஞ்சினை மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, புதிய எஞ்சின் எண்ணைச் சான்றில் பதிய வேண்டும். இதனைச் சிலர் வெறும் காகிதத் தொல்லையாகக் கருதுவர். பதிவில் இல்லாத எஞ்சினுடன் விபத்தில் சிக்கிய வண்டிக்குக் காப்பீடு கைகொடுப்பது அரிது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஆகவே எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அது அனுமதிக்கப்படுமா என அலுவலகத்தில் கேட்டு அறிவது நலம்.

எல்லாம் பொருந்திய பின் எரிபொருள் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தபடி எஞ்சினைக் கிளப்புவர். முதல் ஓட்டம் தார்ச்சாலையில், இரு சக்கர இயக்கத்தில். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடலாகாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு செல்ல, நடுவில் உள்ள பற்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு நெரியும். ஈரக் கரிசலில் சக்கரங்கள் சற்றே வழுக்கி அம்முறுக்கைத் தாமே அவிழ்த்துக்கொள்ளும். அங்கே முன்சக்கர இணைப்பைப் போட்டு, மெதுவியக்கக் கியரில் ஒரு காடு தாண்டி வந்தால், ஒட்டுத் தகட்டின் போல்டுகள் இறுகி நிற்கின்றனவா என மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்த நிலையில், ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்க்க வேண்டும்.