உப்புக் கிண்ணம்

மதுரையில் இருந்தவரை சமையலறைக் கப்போர்டு என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் பூச்சியும்தான். வெந்நீரில் சோப்புத்தூளைக் கரைத்துத் துடைத்தால் வேலை முடிந்தது. ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் குடியேறிய பிறகு, அழுக்கைவிட ஈரம்தான் பெரிய சங்கதி என்று ஆகிவிட்டது. சுமார் 2,100 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் சாரல், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அடைமழை. மழையில்லாத நாளிலும் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடிப்பார்கள். நாங்கள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவோம்.

வீட்டம்மாவுக்கு இழுப்பு உண்டு. போன வருஷம் ஐப்பசியில் அது அதிகமாகி, இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து உட்காரும்படி ஆயிற்று. மதுரை டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுக்க முடியாது என்றால் கீழே வந்துவிடுவது நல்லது" என்றார். மகன் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். மலையை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான்.

சுவரெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. பருப்பு டின்களை எடுத்துப் பார்த்தபோது, கப்போர்டின் பின்பலகை முழுக்கச் சாம்பல் பச்சையாகப் பூத்திருந்தது. பலகை வெளிச்சுவரோடு ஒட்டி இருக்கிறது. சுவர் ஜில்லென்று இருப்பதால் சமையல் ஆவி அங்கேதான் போய்ப் படிகிறது. ஆவி என்றால் ரசமும் பாலும் கொதிப்பது மட்டுமில்லை. காஸ் எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது, கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலந்திருக்கும்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

இங்கே மலைக் கிராமங்களின் பழைய வீடுகளில் கப்போர்டு ஏது? விறகடுப்புக்கு மேலே மலைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு. மாதக்கணக்கில் கெடாது. புகை இழுப்புக்காரர்களுக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

ஆசாரி வந்து பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார். "சார், இது மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகை. தண்ணி குடிச்சு ஊதினா ஊதினதுதான். இதைத் துடைச்சுப் பிரயோஜனமில்ல." முழுக்கப் புதிதாகப் போடச் சொன்ன இன்னொருவர் கேட்ட தொகையை இங்கே எழுதவில்லை, உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கலாம். பின்பலகைகளை மட்டும் கழற்றிவிட்டு மரைன் பிளைவுட் போட்டோம். ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. காற்று போக மேலும் கீழும் துளைகள்.

அந்த இரண்டு நாளும் அவளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், பூசணத்தைக் கிளறினால் தூள் பறக்கும். காய்ந்த துணியால் தட்டக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். பிறகு உலர்ந்த துணி, அதன்பின் கதவுகளைத் திறந்துவைத்து நாள் முழுக்க டேபிள் ஃபேன். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகவில்லை. அந்த நெடி அவளுக்கு ஆகாது. வினிகரோடு சேர்ந்தால் விஷவாயுவே கிளம்பும். இந்த ஊர்த் தைல எண்ணெயும் வாடையைத்தான் மறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது.

இப்போது ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தூள் உப்பு வைத்திருக்கிறேன். ஈரத்தை உறிஞ்ச அல்ல, வேவு பார்க்க. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விடும். பூசணம் பிடிப்பதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். உப்பு கசிந்திருந்தால் கதவைத் திறந்து ஃபேன் போடுவேன். "காலையில எழுந்ததும் சாமி கும்பிடுறதுக்கு முன்னாடி உப்பைக் கும்பிடுறாரு" என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த ஐப்பசி மழையில் பெரும்பாலும் விடியும்வரை தூங்குகிறாள். மருந்தின் வேலையா, கப்போர்டின் வேலையா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகன் பேச்சையே எடுப்பதில்லை. சிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டி மட்டும் பாக்கி. தை பிறந்ததும் வருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார்.