மாறியது யார்?

நான் கிறிஸ்தவன் என்று தெரிந்ததும் புதுசாகப் பழகுகிறவர்களில் பாதிப் பேராவது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீங்க கன்வர்ட்டா?"

கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் வாய் எனக்குத் தருகிறவர்கள். "ஆமா"ன்னு சொல்லிட்டா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "என்ன குடுத்தாங்க?" அரிசி மூட்டை, கோதுமை, பால் பவுடர், ஃபாரின் பணம்... ஜோக்குதான். சிரிச்சுட்டுப் போயிடலாம். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

உண்மையான பதில் என்னவென்றால், நான் மாறவில்லை. அப்பா மாறவில்லை. தாத்தாவும் மாறவில்லை. அதற்கும் முன்னால் யாரோ ஒருத்தர் மாறியிருக்கிறார். அவர் பேர்கூட எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் உதவித்தொகை விளம்பரத்தில் அரசாங்கம் எங்களுக்கு வைத்திருக்கிற பேர் "கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்". நாலு தலைமுறை ஆச்சு, நாங்க இன்னும் மாறிக்கிட்டே இருக்கோம் :-)

ஊர் திருமழபாடி. கொள்ளிடத்தின் வடகரை. ஊர் என்றாலே வைத்தியநாதசாமி கோயில்தான். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூணு பேரும் பாடின தலம். பங்குனியில் நந்தி கல்யாணம். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று எங்க பக்கம் சொலவடையே உண்டு. கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த எங்க அத்தையை, "கூட்டத்தோட கூட்டமா ஓரமா நின்னு பாத்துட்டு வா புள்ள" என்று அப்பாயி அனுப்பி வைத்ததாகச் சொல்வார்கள். அடுத்த தையிலேயே அத்தைக்கு முடிந்துவிட்டது. அது மாதா செஞ்சதுன்னு கடைசிவரை அப்பாயி சொன்னது. நந்திதான்னு அத்தை இன்னைக்கும் சொல்லும்.

அப்பாயிக்கு மாதா என்றால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாதான். திருமானூர் தாண்டிப் போகணும். வீரமாமுனிவர் இருந்த இடம். இத்தாலியில் பிறந்து, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து, காவி உடுத்தி, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்து, அதன் மேல் ஒரு கலம்பகமும் பாடியவர். தமிழின் முதல் அகராதி என்று சொல்லப்படும் சதுரகராதி 1732-ல் அவர் செய்தது. அரியலூர் மழவராயருக்கு மாதா நோய் தீர்த்ததாகவும், அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்ததாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. 'அந்நிய மதம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை, கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. முந்நூறு வருஷமாக ஒரே ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு பேர். ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு புனிதர் பேர். பள்ளிக்கூடத்தில் வேற பேர். சேர்க்கும்போதே விவரம் தெரிந்த யாரோ "இந்துன்னு போட்டுருங்க, பின்னாடி பையனுக்கு உபயோகப்படும்" என்று சொல்லியிருக்கிறார்கள். போட்டாச்சு. அப்பாவைச் சேர்க்கும்போது தாத்தா மனசு மாறிவிட்டார். "சாமிகிட்ட ஒரு பேரு, சர்க்கார்கிட்ட ஒரு பேரா?" என்று கிறிஸ்தவன் என்றே எழுதச் சொல்லிவிட்டார். விளைவு: ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் எஸ்.சி. தம்பி பி.சி.

இதற்குக் காரணம் 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்திப்படி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நின்றார்கள். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. இதில் வேடிக்கை, ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைக்கு நாங்கள் உண்டு. 18 சதவீத இட ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பாதுகாப்பு இல்லை.

அந்தக் கடைசி விஷயம் எங்க வீட்டிலேயே நடந்தது. வரப்புத் தகராறு. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்தே நின்றார்கள். ரெண்டு பேரையும் சாதிப் பேர் சொல்லித்தான் திட்டினார்கள், ஒரே வாயால், ஒரே மூச்சில். பிறகு விசாரித்ததில், அந்தச் சட்டத்தின்படி பெரியப்பா புகார் கொடுக்கலாம், அப்பா கொடுக்க முடியாது என்று சொன்னார்கள். திட்டினவன் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துவிட்டா திட்டினான்? ஆந்திராவில் ஒரு பாஸ்டர் கொடுத்த இதே மாதிரி புகாரை 2025-ல் அந்த மாநில உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மதம் மாறியவர் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்பதுதான் காரணம்.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பதை டீக்கடைக்காரர் நம்பவில்லை. நிலத்துக்காரர் நம்பவில்லை. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் நம்பவில்லை. நம்புவது சட்டம் மட்டும்தான்.

எதிர்வாதம் தெரியாமல் எழுதவில்லை. "உங்க மதத்துலதான் சாதியே இல்லைங்கறீங்களே, அப்புறம் எதுக்கு ஒதுக்கீடு?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சீக்கிய மதமும் பௌத்தமும் சாதியை ஏற்காதவைதான். அவர்களுக்குக் கொடுத்தார்கள், அது சரிதான். ஒதுக்கீடு வேதப் புத்தகத்தைப் பார்த்துத் தருவதல்ல, தெருவைப் பார்த்துத் தருவது. இன்னொரு பயமும் உண்டு. எங்க தெரு இந்துப் பசங்களே சொல்வது: "நீங்களும் வந்துட்டா எங்க பங்கு குறையுமே". இதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அளவைக் கூட்டாமல் ஆளைக் கூட்டினால் அந்தப் பயம் நிஜமாகத்தான் போகும். ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் கொடுத்த அறிக்கை அந்த மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னது. 2022 அக்டோபரில் மத்திய அரசு நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டது. 2023 ஏப்ரலில் நம்ம சட்டசபையிலும் தீர்மானம் போட்டார்கள். பேப்பர் மேல் பேப்பர்.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. புதுச்சேரிப் பெண் ஒருவர், ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குப் போகிறவர், வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டிருந்தார். உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. தினமும் ராத்திரி ஜெபமாலை சொல்லிவிட்டுப் படுக்கிற மனுஷன். அவர் செய்தது மோசடியா? பசிக்காரனைப் பார்த்து "சாமியா, சாப்பாடா, ஒண்ணு எடு" என்று கேட்டுவிட்டு, அவன் ரெண்டையும் எடுத்தான் என்று குத்தம் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

அரசியல்வாதிகளுக்கு நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2002 அக்டோபரில் ஜெயலலிதா ஆட்சியில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனராகவோ, பெண்ணாகவோ, தலித்தாகவோ, பழங்குடியாகவோ இருந்தால் நாலு வருஷம், ஒரு லட்சம். அந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். குழந்தை, பெண், தலித். அதாவது சுயபுத்தி இல்லாதவர்கள் லிஸ்ட். 'என்ன குடுத்தாங்க' ஜோக்கைச் சட்ட பாஷையில் எழுதினால் இதுதான் வரும். எங்க பாட்டன் பூட்டன் யாரும் யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்க முடியாது, யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும் என்ற எண்ணம். 2004 தேர்தலில் 39 தொகுதியும் போனதும், அதே மே மாதம் அந்தச் சட்டத்தை அவரே வாபஸ் வாங்கினார். போட்டதும் கணக்கு, எடுத்ததும் கணக்கு. எங்கள் நம்பிக்கையைப் பற்றி ரெண்டு தடவையும் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இதுவரைக்கும் படித்துவிட்டு "கரெக்டா சொன்னே தம்பி" என்று முதுகில் தட்ட வருகிற எங்க கோயில் ஆட்கள் கொஞ்சம் நில்லுங்கள். பாக்கி உங்களுக்குத்தான்.

எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்களோடு மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். ரெண்டு பக்கமும் கையில் ஜெபமாலை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கிற சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனை தடவை எழுதின. எங்க கும்பகோணம் மறைமாவட்டத்திலேயே, துறையூர் பக்கம் கோட்டப்பாளையத்தில் தங்களிடம் பாகுபாடு காட்டுவதாகச் சொல்லி அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள் உச்சநீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பவைத்திருக்கிறார்கள். இது நேற்று வந்த வியாதியும் இல்லை. வீரமாமுனிவர் வேலை செய்த அதே மதுரை மிஷனில், அவர் வருவதற்கு முன்பிருந்தே, மேல்சாதிக்கு பிராமண சந்நியாசி, கீழ்சாதிக்குப் பண்டாரசாமி என்று குருமார்களையே ரெண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வேதம் வந்தபோதே கூடவே சேர்ந்து வந்த சரக்கு.

2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித்துகளுக்காக ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டார்கள். 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித்துகளில் முதல் ஆள். சந்தோஷம். ஆனால் வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடி பிடித்து டெல்லியைப் பார்த்து நீதி கேட்கிறோமே, அதே நாளில் பக்கத்துக் கல்லறையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டாமா? எங்களுக்குள் சாதி இருக்கிறது, அதனால் ஒதுக்கீடு கொடுங்கள் என்று கோர்ட்டில் சொல்கிறோம். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று பூசையில் பிரசங்கம் வைக்கிறோம். ரெண்டையும் ஒரே வாயால் சொல்கிறவர்கள், ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரை இடிக்கிற கடப்பாரையையும் எடுக்கணும் இல்லையா?

மத்தவங்க சாமியைப் பற்றிப் பேசுவதிலும் நம்ம ஆட்கள் குறைச்சல் இல்லை. கோயில் பொங்கலை "பேய்க்குப் படைச்சது" என்று வாங்க மறுக்கிற சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. எங்க சித்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போனதிலிருந்து ஏலாக்குறிச்சிக்கே வருவதில்லை. தேர் இழுப்பது விக்கிரக ஆராதனையாம். எங்க அம்மா நிலைமையைப் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் "ஏன் மாறுனீங்க"ன்னு கேட்கிறார்கள். சொந்தத் தங்கச்சி "நீ இன்னும் மாறலக்கா" என்று அழுகிறது :-)

"இவ்வளவு சிக்கல் இருக்கே, அப்புறம் எதுக்குடா அதுல இருக்கே?" என்று கேட்டான் ஒரு நண்பன். அப்பாயியைத்தான் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாது. மேலத்தெருவில் குனிந்துகொண்டே நடந்த மனுஷி. மாதா முன்னாடி மட்டும் நிமிர்ந்து நின்னு, ஏதோ சம்பந்தியம்மாகிட்ட சண்டை போடுவது மாதிரி கையை ஆட்டிப் பேசும். அந்த நிமிர்வுதான் எனக்குத் தெரிந்த விசுவாசம். அதைக் கொடுத்தது அரிசி மூட்டையும் இல்லை, அதை எடுத்துக்கொள்ள எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

இப்போது இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் அக்கா பையன். வருகிற ஜூனில் ஒண்ணாம் வகுப்பு. வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "நாளைக்கு அவன் சீட்டுக்கும் வேலைக்கும் அலையறப்ப மாதா வந்து கவுண்டர்ல நிப்பாங்களா? இந்துன்னு போட்டுருவோம். வீட்ல எப்பவும் போல இருந்துக்கலாம்" என்கிறார் அக்கா வீட்டுக்காரர். ஒதுக்கீட்டின் கடைசி சீட்டில் ஒரு மார்க்கில் வாய்ப்பு போனவர் அவர். அந்தப் பேச்சில் இருக்கிற வலி எனக்குத் தெரியும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எம் புள்ள பொய்யோட பள்ளிக்கூடம் போக வேணாம்" என்கிறது. மதம், சாதி ரெண்டு கட்டத்தையும் காலியாக விடலாம், 1973-லேயே தமிழ்நாட்டில் அரசாணை இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "விட்டா பொதுப்பிரிவுலதான் நிக்கணும். உன் அரசாணை பரீட்சை எழுதுமா?" என்றார் அவர்.

ஆறு வயசுப் பையன். அவனுக்கு இப்போதைக்கு நந்தி கல்யாணத்துக்குப் போகணும், பலூன் வாங்கணும். மாதா தேருக்குப் போகணும், அங்கேயும் பலூன் வாங்கணும். ஒரே ஒரு கட்டத்தில் அவன் உண்மையையும் எழுதணும், அவன் எதிர்காலமும் கெடக்கூடாது. எங்க வீட்டில் கேட்பது அவ்வளவுதான். எழுபது வருஷத்துக்கும் மேலாக எங்கள் தெரு முழுக்கக் கேட்பதும் அதுதான்.