உம்மா பிடித்த டம்ப்ளிங்



மகள் டம்ப்ளிங் கேட்டுக் கன நாள். கடையில் உறைந்த பக்கெட் இருந்தது. உள்ளே என்ன இறைச்சியோ என்று திருப்பி வைத்துவிட்டு வந்தோம். சீனாவின் ஹுய் முஸ்லிம்கள் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி வைத்துச் செய்கிறார்கள் என்று அறிந்த பிறகுதான் வீட்டில் துணிந்தோம். எங்களுக்குக் கட்டுப்படியானது கோழி.

கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து அரை மணித்தியாலம் மூடி வைத்தோம். கோவாவை அரிந்து உப்பிட்டுப் பிழிய வேண்டும். முதல் தடவை பிழியவில்லை. மா நனைந்து கிழிந்து, சட்டி நிறைய இறைச்சிக் கஞ்சி! வட்டம் உருட்டும்போது நடு தடிப்பாக, ஓரம் மெல்லியதாக வர வேண்டும். அதுவும் ஒருவாறு வந்தது. மடிப்புத்தான் வரவேயில்லை.

வாப்பா மௌத்தாகி எட்டு மாதம். உம்மா குசினிப் பக்கம் வருவதேயில்லை. முந்தி நோன்புக்கு நோன்பு பெட்டிஸ் பொரித்தவர். அன்று வாசலில் நின்று பார்த்தவர், "பெட்டிஸுக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடிங்களேன்" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். வட சீனாவில் புத்தாண்டுக்கு முந்திய இரவு வீட்டார் எல்லோரும் கூடியிருந்துதான் பிடிப்பார்கள் என்று மகள் சொன்னாள். உம்மா தலையை நிமிர்த்தவில்லை. விரல் மட்டும் ஓடியது.

கொதிக்கக் கொதிக்க மூன்று தடவை பச்சைத் தண்ணீர் ஊற்றி அவித்தோம். நாங்கள் பிடித்ததில் நான்கு வெடித்தது. உம்மா பிடித்ததில் ஒன்றுகூட இல்லை.

"மிளகாய் இல்லாமல் இது என்ன சாப்பாடு" என்றபடி ஆறு சாப்பிட்டார். நாளைக்கும் மா இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கோவாதான் வாங்க வேண்டும்.