பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு புரட்சி!

'எட்டு மாசம் கிளாஸ் கிடையாது!'னு அரசாங்கமே அறிவிச்சா எப்படி இருக்கும்? விசில் பறக்கும்ல! கொஞ்சம் பொறுங்க பாஸ்... அந்த எட்டு மாசமும் நீங்க இருக்க வேண்டிய இடம், கரன்ட் இல்லாத ஒரு மலைக்கிராமம். வேலை? பகலில் வயலில் இறங்கணும். ராத்திரி உங்க அப்பா வயசு விவசாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தரணும்!

1961-ல் கியூபாவில் சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் இப்படித்தான் கிளம்பினார்கள்.

அந்தக் கதையைப் பார்க்க, தலைநகர் ஹவானாவின் மரியானாவோ பகுதிக்கு வாங்க. இங்கே 'சியுதாத் லிபெர்தாத்' என்று ஒரு பெரிய வளாகம். ஸ்பானிஷ் மொழியில் 'சுதந்திர நகரம்'. முன்பு இது கொலம்பியா முகாம்... சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ராணுவத் தலைமையகம். 1959 புத்தாண்டு விடியுறதுக்குள்ளே இங்கிருந்துதான் விமானம் ஏறி எஸ்கேப் ஆனார் மனுஷன். புரட்சி அரசு அதே வருடம் முகாமைக் கல்வித்துறையிடம் கொடுத்துவிட்டது. சிப்பாய்கள் இருந்த இடத்தில் ஸ்கூல் பசங்க! எழுத்தறிவு இயக்கத்தின் அருங்காட்சியகமும் இந்த வளாகத்தில்தான்.

அன்றைக்கு நாலு பேரில் ஒருத்தருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'ஒரே வருஷத்தில் மாற்றிக் காட்டுறோம்' என்று 1960-ல் ஐ.நா. சபையிலேயே சொல்லிட்டு வந்தார் பிடல் காஸ்ட்ரோ. அதற்காகத்தான் மாணவர் படை. வரடேரோ கடற்கரையில் சில நாள் பயிற்சி. அப்புறம் கையில் ஒரு பாடப் புத்தகம், மரத்துக்கு மரம் கட்டிப் படுக்க ஒரு துணித் தொட்டில், நம்ம பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அவ்வளவுதான்!

வீட்டில் சும்மா விடுவாங்களா? பெற்றோர் சம்மதம் கட்டாயம். வயசுப் பெண்ணைத் தனியா அனுப்பப் பல அப்பாக்கள் முறைத்தார்கள். ஆனாலும் படையில் பாதிக்கு மேல் பெண்கள்தான்! பயமும் சும்மா இல்லை. அந்த ஜனவரியில் 18 வயது ஆசிரியர் கான்ராடோ பெனிடெஸை, எஸ்காம்ப்ராய் மலைப்பகுதியில் அரசு எதிர்ப்பு ஆயுதக் குழுவினர் கொன்றிருந்தார்கள். மாணவர் படைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நவம்பரில், 16 வயது மானுவல் அஸ்குன்சே தான் பாடம் சொல்லித் தந்த விவசாயியோடு சேர்த்துக் கொல்லப்பட்டான்.

அந்த டிசம்பர் 22. ராட்சதப் பென்சில்களைத் தோளில் சுமந்தபடி ஹவானாவின் புரட்சிச் சதுக்கத்தில் குவிந்தார்கள் பசங்க. கற்றுக்கொண்டவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். எழுத்தறியாதோர் 3.9 சதவிகிதம்தான் மிச்சம் என்றது அரசு.

அருங்காட்சியகத்தில் மனசைப் பிடித்து நிறுத்துவது, புதுசாய் எழுதக் கற்றவர்களின் கடிதங்கள். கடைசிப் பரீட்சையில் ஒரு கடிதமும் எழுதணும். கோணல்மாணல் எழுத்து... ஆனா, அதுவரை கைநாட்டு வைத்த விரல்கள் எழுதியது!

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கடிதங்கள் எல்லாம் பிடலுக்குத்தான். பாடப் புத்தகத்திலும் எழுத்துகளோடு புரட்சி அரசின் அரசியலும் கலந்தே இருந்தது. அதே 1961 ஜூனில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. அதே மாதம் எழுத்தாளர்களைக் கூட்டி, 'புரட்சிக்குள் எல்லாம் உண்டு, எதிராக எதுவும் கிடையாது' என்ற பொருளில் பேசினார் பிடல். பத்து வருடம் கழித்து ஹெபர்டோ பாடில்லா என்ற கவிஞர், தான் எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். படிக்கக் கற்றுத் தந்த அரசே, எதைப் படிக்கலாம் என்பதையும் தானே முடிவு செய்தது.

அதுக்காக அந்தப் பசங்க சுமந்த விளக்கை ஊதி அணைச்சிட முடியுமா? முடியாது பாஸ். ஏழு லட்சம் பேருக்கு அது வெளிச்சம் தந்தது நிஜம். ரெண்டையும் சேர்த்தே பாருங்க.

அப்படியே ஒரு கேள்வி... எட்டு மாசம் லீவு விட்டா, நீங்க விளக்கைத் தூக்குவீங்களா?